தூதருக்கு வந்த உத்தரவு, வீட்டுக்கு வந்த சோதனை

வெளிநாட்டுக்குத் தூதராகப் போகச் சொல்லும் உத்தரவு ஒருவர் பெயருக்குத்தான் வருகிறது. பெட்டி கட்டுவது வீட்டில் உள்ள அத்தனை பேரும். பள்ளிக்கூடம் மாறுகிறது, சிநேகிதம் மாறுகிறது, ஞாயிற்றுக்கிழமை போகும் கோயில் மாறுகிறது. பக்தியில் ஊறிய குடும்பமாக இருந்தால் இந்த மாற்றம் இன்னும் ஆழமாக இறங்குகிறது. எதைச் சாப்பிடலாம், யாரோடு பழகலாம், யாரை மணக்கலாம் என்பதையெல்லாம் அதுவரை ஊரும் உறவும் சொல்லாமலே சொல்லிக்கொண்டிருந்தன. புதிய தேசத்தில் அந்த ஊரும் இல்லை, உறவும் இல்லை. எல்லாவற்றையும் பெற்றோர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளும் பதில் சொல்வார்கள்.

ராஜதந்திர வரலாறு ஒப்பந்தங்களையும் தந்திகளையும் பத்திரப்படுத்துகிறது. தூதரின் மனைவி மக்கள் பட்ட பாட்டை அபூர்வமாகவே பதிவு செய்கிறது. அப்படிப் பதிவானவற்றுள் மிக விரிவானது அமெரிக்காவின் கென்னடி குடும்பத்தின் கதை. 1938-ல் பிரிட்டனுக்குத் தூதராகப் போன ஜோசப் கென்னடியை, ஹிட்லரின் போரைத் தவறாகக் கணித்தவர் என்றுதான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய மனைவி ரோஸும் ஒன்பது பிள்ளைகளும் அந்தப் பணியால் பெற்றதும் இழந்ததும் அதைவிடப் பெரிய பாடம் என்பது என் எண்ணம். ஒரு குடும்பத்தின் பக்தி பிள்ளைகளுக்கு எப்போது துணை நிற்கிறது, எப்போது அவர்களைக் கைவிடுகிறது என்பதை 1938-க்கும் 1948-க்கும் இடைப்பட்ட அந்தப் பத்து ஆண்டுகள் காட்டுகின்றன.

யாரும் எதிர்பாராத நியமனம்

ஜோசப் கென்னடி பாஸ்டன் நகரத்து ஐரிஷ் கத்தோலிக்கர். அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறியவரின் பேரன். பங்குச்சந்தையிலும் திரைப்படத் தொழிலிலும் பெரும் பணம் சேர்த்து, அமெரிக்கப் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்த 1934-ல் உருவான ஆணையத்தின் முதல் தலைவரானவர். லண்டன் தூதர் பதவியோ பழைய புராட்டஸ்டன்ட் குடும்பங்களின் வழக்கமான சொத்து போல இருந்தது. கென்னடி அதைக் கேட்கிறார் என்று தெரிவித்தபோது ஜனாதிபதி ரூஸ்வெல்ட் விழுந்து விழுந்து சிரித்தார் என்று, செய்தியைக் கொண்டுபோன அவருடைய மகன் ஜேம்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சிரித்தவர் பிறகு யோசித்தார், சம்மதித்தார். 1938 மார்ச் மாதத்தில் கென்னடி லண்டனில் இருந்தார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் ஐரிஷ் கத்தோலிக்கர் அவரே.

இந்த நியமனம் ஏன் இவ்வளவு வியப்பைத் தந்தது என்பதை பிரிட்டனின் வரலாற்றை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். கத்தோலிக்கரான மன்னர் இரண்டாம் ஜேம்ஸை 1688-ல் நாட்டைவிட்டுத் துரத்திய தேசம் அது. கத்தோலிக்கரும் கத்தோலிக்கரை மணந்தவரும் அரியணை ஏறக் கூடாது என்று 1701-ல் சட்டம் போட்டது. கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் அமர 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அயர்லாந்தின் பெரும்பகுதி ரத்தம் சிந்திப் பிரிந்துபோய் 16 ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்த நினைவுகளோடு இருந்த பிரபுக்களின் விருந்து மேசைக்குத்தான் ஜெபமாலையோடு ஓர் ஐரிஷ் குடும்பம் வந்து சேர்ந்தது.

வீட்டோடு வந்த கோயில்

ரோஸ் கென்னடி பாஸ்டன் நகர மேயரின் மகள். வெல்லெஸ்லி கல்லூரியில் சேர ஆசைப்பட்டவரை, தந்தை கன்னியர் மடத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார். கொஞ்ச காலம் நெதர்லாந்தில் உள்ள மடத்திலும் படித்தார். அந்த ஏமாற்றத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ஆனாலும் மடத்தில் கற்ற ஒழுங்கே அவருடைய வாழ்க்கையின் முதுகெலும்பானது. தினமும் பூசை காண்பார். பிள்ளைகளின் ஞானஸ்நானம், தடுப்பூசி, நோய்நொடி எல்லாவற்றையும் தனித்தனி அட்டைகளில் குறித்துவைப்பார். ஞாயிறு பிரசங்கத்தில் குருவானவர் என்ன சொன்னார் என்று சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளைக் கேட்பார்.

லண்டனில் பிரின்ஸஸ் கேட் பகுதியில், ஹைட் பூங்காவைப் பார்த்திருந்த தூதர் மாளிகையிலும் இந்த ஒழுங்கு குலையவில்லை. மகள்களில் மூவர் ரோஹாம்ப்டனில் திரு இருதய சபை சகோதரிகள் நடத்திய மடத்துப் பள்ளியில் சேர்ந்தார்கள். ரோஸ் நடந்துபோகும் தூரத்தில் இருந்த பிராம்ப்டன் ஆரட்டரி கோயிலில் பூசைக்குப் போய்வந்தார். அரண்மனை விருந்து, குதிரைப் பந்தயம், நாடகம் என்று இரவு நீண்ட மறுநாளும் காலைப் பூசை தவறாது.

இதை வெறும் சடங்குப் பிடிப்பு என்று தள்ளிவிட முடியாது. ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளைகளுக்குப் பழகிய ஒன்று தேவைப்படுகிறது. அன்றைய கத்தோலிக்கக் கோயிலில் பாஸ்டனிலும் லண்டனிலும் ஒரே லத்தீன் பூசைதான். எல்லாமே புதிதாக இருந்த நகரத்தில், முழங்காலிட்டதும் பழைய வீட்டுக்கு வந்துவிட்டது போன்ற நிம்மதி அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் குடியேறும் எந்தப் பக்தியுள்ள குடும்பத்துக்கும் வழிபாடு தரும் முதல் உதவி இதுதான்.

அந்தக் குடும்பத்தின் பக்திக்கு உச்சமான நாளும் தூதர் பணியின் மூலமே வந்தது. கர்தினால் பச்செல்லி 1936-ல் அமெரிக்கா வந்திருந்தபோது கென்னடி வீட்டில் தேநீர் அருந்தியவர். 1939 மார்ச் 12 அன்று அவர் பன்னிரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாக முடிசூட்டப்பட்டபோது, ரூஸ்வெல்ட் தன் பிரதிநிதியாகக் கென்னடியை அனுப்பினார். அமெரிக்க அரசு ஒரு போப்பின் முடிசூட்டு விழாவுக்குப் பிரதிநிதி அனுப்பியது அதுவே முதல் முறை. மூத்த மகன் ஸ்பெயினில் இருந்ததால், மற்ற எட்டுப் பிள்ளைகளும் ரோஸும் ரோமில் விழாவில் கலந்துகொண்டார்கள். சில நாட்கள் கழித்து, கடைசி மகனான ஏழு வயது டெட்டிக்குப் போப்பே தன் கையால் புதுநன்மை கொடுத்தார்.

ரோஸ்மேரிக்குக் கிடைத்த இடம்

மூத்த மகள் ரோஸ்மேரிக்கு அறிவு வளர்ச்சியில் குறைபாடு இருந்தது. அமெரிக்காவில் பள்ளி பள்ளியாக மாறிக்கொண்டிருந்த பெண். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதை ஊருக்குத் தெரியாமல் மறைத்த காலம் அது. லண்டன் வந்த புதிதில், 1938 மே மாதம், ரோஸ் தன் மூத்த மகள்கள் இருவரையும் அரண்மனைக்கு அழைத்துப் போனார். ஆறாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில், தங்கை கேத்லீனைப் போலவே ரோஸ்மேரியும் நீண்ட வெண்ணிற உடையில் வணக்கம் செலுத்தினாள். பல நாள் பயிற்சியில் கற்ற வணக்கம் அது. அந்த மகளை ஒளித்துவைக்காமல் அரசவை வரை அழைத்துப்போன தாயின் உறுதி பாராட்டுக்குரியது.

பிறகு ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் கிராமப்புறத்தில் அருட்சகோதரிகள் நடத்திய மாண்டிசோரி பயிற்சிப் பள்ளியில் ரோஸ்மேரி சேர்ந்தாள். அங்கே சின்னக் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டினாள், ஆசிரியைகளுக்கு உதவினாள். அவளுடைய வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான காலம் அதுதான் என்று குடும்ப வரலாற்றை எழுதியவர்கள் பலரும் ஒத்துக்கொள்கிறார்கள். அவசரப்படுத்தாமல், ஒப்பிடாமல், அவளுடைய வேகத்துக்கு இறங்கிவந்து நடந்தார்கள் அந்தச் சகோதரிகள். போர் மூண்டு மற்றவர்கள் 1939 செப்டம்பரில் அமெரிக்கா திரும்பிய பின்னும், ரோஸ்மேரி அங்கேயே தங்கினாள். 1940-ல் குண்டுவீச்சு அபாயம் நெருங்கியதும் அவளும் திரும்ப வேண்டியதாயிற்று.

திரும்பிய பிறகு அவளுக்கு அப்படியோர் இடம் கிடைக்கவில்லை. கோபமும் வலிப்பும் அதிகரித்தன. 1941 நவம்பரில் தந்தை, மூளையில் லோபோடமி என்ற அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுத்தார். அது ரோஸ்மேரியின் பேச்சையும் நடையையும் பறித்தது. அதன் பின் 2005-ல் இறக்கும்வரை அவள் காப்பகங்களிலேயே வாழ்ந்தாள். தங்கை யூனிஸ், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காக 1968-ல் சிறப்பு ஒலிம்பிக்ஸ் போட்டிகளைத் தொடங்கியது இந்த வேதனையிலிருந்துதான்.

எதிர்பாராமல் வந்த வெளிநாட்டுப் பணி ரோஸ்மேரிக்கு இரண்டு ஆண்டுகள் நல்வாழ்வைக் கொடுத்தது. அதைக் கொடுத்தவர்கள் விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையோடு சொல்லிக்கொடுத்தவர்கள். அவளுடைய கதையில் பக்தி பராமரிப்பாக வந்தது. தங்கை கேத்லீனின் கதையில் அது தடையாக வந்தது.

கேத்லீன் எடுத்த முடிவு

லண்டன் வந்தபோது கேத்லீனுக்கு 18 வயது. கலகலப்பான அந்தப் பெண்ணை அந்நகரம் உடனே தன்னவளாக்கிக்கொண்டது. 1938 கோடையில் அவள் சந்தித்த இளைஞன் பில்லி, டெவன்ஷயர் பிரபுவின் மூத்த மகன். சாட்ஸ்வொர்த் அரண்மனைக்கும் பரம்பரைப் பட்டத்துக்கும் வாரிசு. பில்லியின் முன்னோர் ஒருவர், 1688-ல் கத்தோலிக்க மன்னரை அரியணையிலிருந்து இறக்க, புராட்டஸ்டன்ட் இளவரசர் ஆரஞ்சு வில்லியத்துக்குக் கடிதம் எழுதி அழைத்த எழுவரில் ஒருவர். டெவன்ஷயர் பிரபுப் பட்டமே அந்தச் சேவைக்குக் கிடைத்த பரிசுதான். அதே குடும்பத்து ஃபிரெடரிக் கேவென்டிஷ், அயர்லாந்தை நிர்வகிக்கப் போன நாளிலேயே டப்ளின் பூங்காவில் ஐரிஷ் போராளிகளால் கொல்லப்பட்டார். அந்த நாள் 1882 மே 6.

இருவரும் பழகிக்கொண்டிருந்தபோதே போர் வந்தது, குடும்பம் அமெரிக்கா திரும்பியது. கேத்லீனின் மனம் திரும்பவில்லை. 1943-ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் தொண்டராக மறுபடி லண்டன் போய்ச் சேர்ந்தாள். இப்போது திருமணப் பேச்சு வந்தது. சிக்கல் முழுவதும் பிறக்கப் போகும் பிள்ளைகளைப் பற்றியது. கலப்பு மணத்தில் பிறக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் கத்தோலிக்கராக வளர வேண்டும் என்று இரு தரப்பும் உறுதி தர வேண்டும் என்றது கத்தோலிக்கச் சட்டம். டெவன்ஷயர் பட்டத்தின் வாரிசு ஆங்கிலிக்கனாக இருந்தே தீர வேண்டும் என்றது பில்லியின் குடும்பம். இரண்டு பக்கமும் நேர்மையான நம்பிக்கைதான். ரோஸ், நியூயார்க் பேராயர் ஸ்பெல்மேன் வழியாக விதிவிலக்குக்கு முயன்று பார்த்தார். வழி பிறக்கவில்லை.

கேத்லீன் பல மாதங்கள் தவித்தாள். அவள் பக்தியில்லாத பெண் அல்ல என்பதால்தான் அந்தத் தவிப்பு. சபைக்கு வெளியே மணந்தால் நற்கருணை வாங்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கடைசியில் 1944 மே 6 அன்று, செல்சீ பதிவாளர் அலுவலகத்தில் சில நிமிடங்களில் திருமணம் நடந்தது. டப்ளின் பூங்காக் கொலை நடந்து சரியாக 62 ஆண்டுகள் கழித்து, ஓர் ஐரிஷ் கத்தோலிக்கப் பெண் கேவென்டிஷ் குடும்பத்துக்கு மருமகளானாள். பில்லியின் பெற்றோர் அந்த அறையில் இருந்தார்கள். கேத்லீன் பக்கம் நின்றது அண்ணன் ஜோ மட்டும். கடற்படை விமானியாக அப்போது இங்கிலாந்தில் இருந்தவன். தாய் பாஸ்டனில் மருத்துவமனையில் இருந்தார். செய்தியாளர்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. ஆகஸ்ட் 12 அன்று வெடிமருந்து ஏற்றிய விமானம் வானிலேயே வெடித்து அண்ணன் ஜோ இறந்தான். தாயும் மகளும் துக்கத்தில் ஒன்றுசேர்ந்தார்கள். செப்டம்பரில் பெல்ஜியப் போர்முனையில் பில்லி சுட்டுக் கொல்லப்பட்டான். மணமாகி நான்கே மாதங்கள். கேத்லீன் மறுபடி சபையில் சேர்ந்தாள், நற்கருணை வாங்கினாள், ஆனால் வாழ இங்கிலாந்துக்கே திரும்பினாள். சில ஆண்டுகளில் ஃபிட்ஸ்வில்லியம் பிரபுவை மணக்க விரும்பினாள். அவர் புராட்டஸ்டன்ட்; விவாகரத்துக்குக் காத்திருந்தவர். இந்த முறை தாயின் மறுப்பு இன்னும் கடுமையாக இருந்தது. தந்தையின் சம்மதத்தையாவது கேட்டுவிட வேண்டும் என்று பிரான்ஸில் அவரைச் சந்திக்க ஏற்பாடு செய்திருந்த நேரத்தில், 1948 மே 13 அன்று, இருவரும் சென்ற சிறு விமானம் ஆர்தெஷ் மலைப்பகுதியில் விழுந்தது. கேத்லீனுக்கு 28 வயது.

லண்டன் ஃபார்ம் ஸ்ட்ரீட் கத்தோலிக்கக் கோயிலில் அவளுக்கு அடக்கப் பூசைக்கு ஏற்பாடு செய்தவர்கள், கத்தோலிக்கத்தை எதிர்த்தே புகழ் பெற்ற டெவன்ஷயர் குடும்பத்தார். சாட்ஸ்வொர்த் அருகே தங்கள் குடும்ப இடுகாட்டிலேயே அவளை அடக்கம் செய்தார்கள். கென்னடி வீட்டிலிருந்து வந்தவர் தந்தை ஒருவர் மட்டுமே.

எங்கே தவறியது?

ரோஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. மகளின் ஆத்துமா கெட்டுவிடும் என்று மெய்யாகவே நம்பிய தாய் அவர். ஒன்பது பிள்ளைகளில் நால்வரைத் தன் கண்முன்னே வன்சாவில் பறிகொடுத்து, ஒரு மகளின் அறிவையும் இழந்து, 104 வயது வரை அவர் நிமிர்ந்து நின்றதற்கு அந்த நம்பிக்கையே காரணம். அதைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை.

என் வருத்தம் வேறு. லண்டன் பணியை அந்தக் குடும்பம் முழுமனதோடு ஏற்றுக்கொண்டது. அரசவைக்கு மகள்களை அனுப்பியது, பிரபுக்களின் வீட்டு நடனங்களுக்கு அனுப்பியது, பத்திரிகைகளில் படம் வருவதைக் கண்டு பெருமைப்பட்டது. அந்த மண் தரும் மதிப்பை விரும்பியவர்கள், அந்த மண்ணில் மகளுக்கு அன்பும் பிறக்கலாம் என்பதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பெண்ணை ஓர் ஊருக்கு அழைத்துப்போய், அவ்வூரின் நாகரிகத்தை மட்டும் கற்றுக்கொள், அவ்வூரின் மனிதரை மட்டும் விரும்பாதே என்று சொல்வது நியாயம் அல்ல.

சபை அன்று தந்த பதிலும் காலத்துக்கு நிற்கவில்லை. 1970-ல் போப் ஆறாம் பவுல் கலப்பு மண விதிகளைத் தளர்த்தினார். மாற்றுச் சபையைச் சேர்ந்த துணைவர் உறுதிமொழி தர வேண்டியதில்லை என்றும், கத்தோலிக்கத் துணை தன்னால் இயன்றதைச் செய்வதாக வாக்களித்தால் போதும் என்றும் ஆனது. கத்தோலிக்கரை மணந்தவர் அரியணை ஏறுவதற்கு இருந்த தடையை பிரிட்டனும் 2013-ல் சட்டம் இயற்றி நீக்கியது. கேத்லீனும் பில்லியும் இடித்துப் பார்த்த இரண்டு சுவர்களும் தாமதமாகவேனும் தாழ்ந்துவிட்டன. விதி மாறக்கூடியது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. மாறக்கூடிய விதிக்காக மகளின் திருமண நாளில் தாய் வாழ்த்துச் சொல்லாமல் இருந்த இழப்பை எந்தத் திருத்தமும் ஈடு செய்யாது.

அதே வீட்டு மகன் ஜான் கென்னடி, 1960-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது, ஹூஸ்டன் நகரத்துப் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னிலையில் தன் சமயத்தைப் பற்றிப் பேச வேண்டிவந்தது. தன் நம்பிக்கையை மறைக்காமல், அரசும் திருச்சபையும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று அங்கே வாதாடினார். வேறு நம்பிக்கைக்காரர் நடுவே தன் நம்பிக்கையோடு நிற்கும் பழக்கத்தை, தந்தையின் தூதரகத்தில் கழித்த நாட்களும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஜனாதிபதியான பின் 1963 ஜூனில் அயர்லாந்து போனவர், அங்கிருந்து நேராகத் தங்கையின் கல்லறைக்குப் போய்வந்தார்.

பயணத்துக்கு முன் பேச வேண்டியவை

தூதரக உறவுகளுக்கான 1961 வியன்னா உடன்படிக்கை, தூதரோடு வாழும் குடும்பத்தாருக்கும் சட்டப் பாதுகாப்பு தருகிறது. அவர்களைக் கைது செய்ய முடியாது, பெரும்பாலான வழக்குகளில் இழுக்கவும் முடியாது. மனத்துக்கு நேரும் சோதனைக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை. அதற்கான தயாரிப்பைக் குடும்பம்தான் செய்துகொள்ள வேண்டும். அனுப்பும் அரசுகளும் அதற்கு உதவ வேண்டும். மொழி, மரபு, பாதுகாப்பு என்று தூதருக்கு அளிக்கும் பயிற்சியில் ஒரு பங்கையாவது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தர வேண்டும். எங்கே வழிபடுவது, எந்தப் பள்ளி ஏற்றது, சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைக்கு அங்கே யார் இருக்கிறார்கள், பணி முடிந்து திரும்பினால் அந்தப் பிள்ளைக்கு என்ன வழி என்பதெல்லாம் புறப்படும் முன்பே பேசப்பட வேண்டியவை. ரோஸ்மேரிக்கு இங்கிலாந்தில் இடம் தேடிக் கொடுத்தவர்கள், திரும்பிய பிறகு அவளுக்கு என்ன என்று திட்டமிட்டிருந்தால் அவள் வாழ்க்கை வேறாக இருந்திருக்கலாம்.

தூதர் வேலை பார்ப்பவர்கள் சிலர்தான். வேலைக்காகக் குடும்பத்தோடு கடல் கடக்கும் பக்தியுள்ள தமிழர்கள் இன்று ஏராளம். சாமி படமும் ஜெபமாலையும் தொழுகை விரிப்பும் அவர்கள் பெட்டிகளில் போகின்றன. போக வேண்டும். பிள்ளைக்கு வேர் என்று ஒன்று வேண்டும். கூடவே, வெள்ளிக்கிழமை விளக்கும் ஞாயிறு பூசையும் தவறாமல் நடக்கும் அந்த வீட்டில், பிள்ளை நாளை ஒரு கடினமான முடிவோடு வந்து நின்றால் என்ன செய்வோம் என்பதைக் கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். சம்மதிக்க முடியாமல் போகலாம். சம்மதிக்காத பெற்றோரும் திருமணத்துக்குப் போகலாம், போகாவிட்டாலும் கடிதம் எழுதலாம், கதவைத் திறந்தே வைத்திருக்கலாம். கொள்கையை விட்டுக்கொடுக்காமலே செய்யக்கூடிய காரியங்கள் இவை. மகளின் மனத்தில் தாங்கள் வளர்த்த பக்தி நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்பும் பெற்றோர், அந்தப் பக்தியை அவள் எப்போது நினைத்தாலும் அன்போடு சேர்த்தே நினைக்கும்படி நடந்துகொள்வதுதான் அதற்கு உறுதியான வழி.